இடையில் எழுந்து போனவர்கள்

சுங்கைப் பட்டாணி,
6 ஜூன் 1943, ஞாயிறு.

அன்புத் தங்கை ரூத்துக்கு,

அண்ணன் எர்னஸ்ட் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் உயிரோடும் மரவள்ளிக் கிழங்கின் தயவால் நடமாட்டத்தோடும் இருக்கிறேன். நீயும் கிளாரன்ஸ் மச்சானும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டு நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. கோலா கெத்திலுக்கும் இங்கேயும் நடுவில் கடலா கிடக்கிறது? வண்டிக்கார அய்யாவு வாரம் தவறாமல் கிழங்கு ஏற்றிக்கொண்டு வருகிறான். அவன் மடியில் ஒரு காகிதத்தைச் செருகி அனுப்ப உனக்கு என்ன கஷ்டம்? தபாலில் மட்டும் போடாதே, அங்கே பிரித்துப் படிக்கிறார்கள். அய்யாவுக்குப் படிக்கத் தெரியாது. இந்தக் காலத்தில் அதைவிட நல்ல தபால்காரன் கிடைக்க மாட்டான்.

ஒரு சந்தோஷச் சமாசாரம். ஏழு மாதமாகப் பூட்டிக் கிடந்த எங்கள் படக் கொட்டகையைத் திறந்துவிட்டார்கள். எனக்கு மறுபடியும் வேலை. இங்கிலீஷ் படம் ஓட்டக்கூடாது, அமெரிக்கப் படம் ஓட்டக்கூடாது. ஆனால் சைகோனிலிருந்து எப்படியோ ஒரு பிரெஞ்சுப் படம் வந்து சேர்ந்திருக்கிறது. பிரெஞ்சுக்காரன் எதிரியா சிநேகிதனா என்று ஜப்பான் ஆபீசில் இரண்டு நாள் யோசித்துவிட்டு முத்திரை குத்திக் கொடுத்தார்களாம்.

அதில் பேசுகிற ஒரு வார்த்தை எனக்குப் புரியாது. கொட்டகையில் யாருக்குத்தான் புரியும்? அதற்குத்தானே நான். வழக்கம்போலத் திரைக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு ஏறி நின்று, தகரக் குழலை வாயில் வைத்துக் கதை சொல்கிறேன். யார் என்ன பேசினார்கள் என்பதை வாயசைவைப் பார்த்து நானே கட்டிவிடுகிறேன். ஆட்களுக்குப் பெயரும் நான்தான் வைப்பேன்.

கதை இதுதான். ஒரு ஊரில் முனியாண்டித் துரை என்று ஒருவர். ஊர் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி தூக்கக் கலக்கத்தில் அவர் பெயரை இறந்தவர்கள் பேரேட்டில் எழுதிவிடுகிறான். எழுதியதை அழிக்கச் சட்டமில்லை. அவ்வளவுதான், துரை செத்தவராகிவிட்டார். பெண்டாட்டி கறுப்பு உடுத்தி அழுதுகொண்டே அவருக்குச் சூப் ஊற்றுகிறாள். முடிவெட்டுகிறவன் பிணத்துக்குச் சவரம் செய்வதில்லை என்று நாற்காலியைத் திருப்பிக்கொள்கிறான். துரையும் தங்கமான மனிதர். ஊரை ஏன் காக்க வைக்க வேண்டும் என்று தன் அடக்கத்துக்குத் தானே பூப் பறித்துவருகிறார். குழி தோண்டுகிறவனுக்கு முதுகுவலி என்றதும் மண்வெட்டியை வாங்கித் தானே தோண்டுகிறார். நடுவில் காரணமே இல்லாமல் ஒரு ஆடு குடை பிடித்துக்கொண்டு தெருவைக் கடக்கிறது. ஏன் என்று என்னைக் கேட்காதே.

முதல் காட்சியிலேயே கொட்டகை இரண்டாகப் பிளந்துவிட்டது. ஒரு பாதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உருள்கிறது. இன்னொரு பாதி, சாவை வைத்து என்ன விளையாட்டு, இது பைத்தியக்காரன் எடுத்த படம் என்று திட்டிக்கொண்டே எழுந்து போகிறது. வாசலில் இரண்டு கட்சிக்கும் கைகலப்பு. பத்து வருஷமாக இந்தத் தொழில் செய்கிறேன், என் குரல் ஒலிக்கும்போது இத்தனை பேர் முதுகைக் காட்டியதில்லை. எனக்கு அது பெரிய அவமானமாக இருக்கிறது.

ஆபீசுக்கும் கொட்டகைக்கும் நடுவில் ஓடுகிற பரஞ்சோதி என்பவர், இதைத் தோட்டம் தோட்டமாக இலவசமாகக் காட்டப் போகிறார்கள் என்றார். உன் தோட்டத்துக்கும் வரும். கேதரின் போனபிறகு மச்சான் சிரித்து யாரும் பார்க்கவில்லை என்று அய்யாவு சொன்னான். அவரை நான் சிரிக்க வைக்கிறேனா இல்லையா பார்.

உன் பதிலுக்காகக் கழுத்தை நீட்டிக்கொண்டு காத்திருக்கும்
அண்ணன் எர்னஸ்ட்


ஆற்றோரத் தோட்டம், கோலா கெத்தில்,
15 ஜூன் 1943.

அன்புள்ள அண்ணனுக்கு,

ரூத் எழுதுவது. கோபப்படாதீர்கள். காகிதம் இல்லை. இதுவும் அவருடைய ஆபீஸ் நோட்டில் கிழித்ததுதான், பின்பக்கத்தில் ரப்பர்ப் பால் எடை நிறுத்த விவரம் இருந்தால் பார்க்காதீர்கள். நேரில் வரலாம் என்றால் தோட்டத்தைவிட்டு வெளியே போகப் பாஸ் வேண்டும். பாஸ் கேட்டால், எதற்கு, யாரைப் பார்க்க, எப்போது திரும்புவாய் என்று மூன்று பேர் மூன்று தடவை கேட்கிறார்கள். மதகு வரைக்கும் போய்ச் சாலையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவதுதான் இப்போது என் உலாத்தல்.

அவரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வெள்ளைக்காரன் ஓடிய பிறகும் அவர் தினமும் ஆபீசுக்குப் போய்க் கிராணி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வருகிறார். எழுதுவதற்கு இப்போது இறந்தவர்கள் பேரேடு ஒன்றுதான் இருக்கிறது. நம் பிள்ளையின் பெயரையும் அவர்தான் அதில் எழுதினார். வேறு கிராணி இல்லையே. "கேதரின், பெண், வயது இரண்டு, காய்ச்சல்" என்று அவருடைய அழகான கையெழுத்தில் எழுதி, மை ஒற்றி, மூடிவைத்துவிட்டு வந்தார். காய்ச்சல் மருந்து கொய்னா ஒரு பொட்டலம் கிடைத்திருந்தால் பிள்ளை பிழைத்திருக்கும். அன்றிலிருந்து என்னோடு பேச்சு குறைந்துவிட்டது. நான் அழுதால் எழுந்து வெளியே போய்விடுகிறார். ஒரு அறையும் ஒரு அடுப்பும் உள்ள லயத்து வீட்டில் இரண்டு பேர் பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா அண்ணா?

உங்கள் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். கிராணி தவறாக எழுதிய இடம் வந்ததும், "அழிக்கச் சட்டமில்லையாமா?" என்று கேட்டார். எட்டு மாதத்தில் அவராக என்னைக் கேட்ட முதல் கேள்வி. பிறகு ஆடு குடை பிடித்துப் போகும் இடத்தை மறுபடி படிக்கச் சொன்னார்.

எனக்கு உங்கள் படம் பிடிக்கவில்லை. பார்க்காமலே பிடிக்கவில்லை. எழுந்து போன பாதியோடு நானும் எழுந்து போயிருப்பேன். இந்தத் தோட்டத்தில் இந்த வருஷம் பதினோரு பேரைப் புதைத்திருக்கிறோம். பக்கத்து வீட்டு ராக்காயி அக்கா இரண்டு மகன்களையும் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். அவள் முன்னால் பிணத்தை ஆடவிடுவீர்களா? ஆனாலும் கொண்டுவாருங்கள். அவர் வாய்விட்டுச் சிரித்தால் போதும், நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

வரும்போது ஊசி நூல் கிடைத்தால் கொண்டுவாருங்கள்.

உங்கள் அன்புக்குரிய
ரூத்


சுங்கைப் பட்டாணி,
28 ஜூன் 1943.

என் அருமைத் தங்கை ரூத்துக்கு,

அண்ணனின் ஆசீர்வாதம். உன் கடிதம் கிடைத்தது. பால் நிறுத்த விவரத்தையும் படித்தேன், கையெழுத்து உன்னுடையதைவிட நன்றாக இருக்கிறது.

தேதி குறித்துவிட்டார்கள். ஜூலை பத்தாம் தேதி, சனிக்கிழமை, பகல் இரண்டு மணி. உங்கள் ரப்பர் ஸ்டோருக்குள்தான். விளக்குக் கட்டுப்பாடு இருப்பதால் இருட்டிய பிறகு காட்டக்கூடாதாம். ஜன்னல்களில் சாக்கு கட்டி இருட்டாக்கிக்கொள்வோம். முதலில் வேறு தோட்டத்துக்குத்தான் போவதாக இருந்தது. தங்கை வீடு அங்கே இருக்கிறது, ஆற்றோரத் தோட்டத்தை முதலில் வையுங்கள் என்று பரஞ்சோதியிடம் கெஞ்சி வாங்கினேன். அண்ணனுடைய செல்வாக்கைப் பார்த்துக்கொள்.

இன்னொரு விஷயம். டவுன் காட்சியில் பாதிப் பேர் எழுந்து போனது ஆபீசுக்கும் பிடிக்கவில்லையாம். பரஞ்சோதி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தோட்டத்தில் ஒரு ஆள்கூட நடுவில் எழுந்து போகக்கூடாது, உன் வாயில்தான் இருக்கிறது என்றார். பெரிய அதிகாரி ஒருவர் என் பெயரைச் சொல்லிக் கேட்டாராம். எனக்கு ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் ரோஷம். கதையை உட்கார்ந்து திருத்தியிருக்கிறேன். மூன்றாவது ரீலில் கொஞ்சம் இழுக்கும், அங்கே இரண்டு புதுப் பேச்சுச் சேர்த்திருக்கிறேன். கடைசி வரை இருக்கும் ஆண்களுக்கு ஆளுக்கு இரண்டு படி அரிசியும் ஒரு துண்டும் தருகிறார்கள். அதனால் மச்சானை இடையில் எழுந்து போக விடாதே. அக்கம்பக்கத்திலும் சொல்லிவை.

நீ பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார வேண்டாம். நீயும் சிரிப்பாய்.

நூல் கிடைத்துவிட்டது, ஊசிக்கு அலைகிறேன்.

உன் அண்ணன்
எர்னஸ்ட்


ஆற்றோரத் தோட்டம்,
12 ஜூலை 1943.

அண்ணா,

நேராகவே கேட்கிறேன். உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?

சனிக்கிழமை நடந்ததை உங்களுக்கே சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் உள்ளே இருந்தீர்கள், நான் வெளியே இருந்தேன். ஸ்டோர் நிறைய ஜனம். நீங்கள் முக்காலியில் ஏறியதும் எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. குடை பிடித்த ஆடு வந்ததும் அவர் சிரித்தார். சாதாரணச் சிரிப்பில்லை, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கல்யாணமான புதிதில் அப்படிச் சிரிப்பார். நானும் அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டேன்.

அப்புறம் அந்தச் சவப்பெட்டி. தச்சன் அளவை மாற்றி எடுத்துவிட்டு, குழந்தைப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருகிறான். துரை அதில் ஒரு காலை வைத்துப் பார்க்கிறார், இன்னொரு காலை வைத்துப் பார்க்கிறார். அதை நீங்கள் கடிதத்தில் எழுதவில்லை அண்ணா. கேதரினுக்கு அடித்த பெட்டியும் அதே அளவுதான். சுற்றி எல்லோரும் சிரிக்கிறார்கள், அவரும் சிரிக்கிறார். என்னால் முடியவில்லை. அவர் கையைப் பிடித்து இழுத்தேன். "நீ போ ரூத், நான் முடிவு வரைக்கும் பாத்துட்டு வர்றேன்" என்றார். நான் எழுந்தேன். ராக்காயி அக்கா எழுந்தாள். கோயில் பண்டாரம் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். பெண்களில் பாதி, வயதானவர்கள், பிள்ளையைப் பறிகொடுத்த ஆண்கள் ஏழெட்டுப் பேர், எல்லோரும் உங்களைத் திட்டிக்கொண்டே வெளியே வந்தோம்.

லயத்துக்குப் போகும் வளைவில் லாரிகள் எதிரே வந்தன. ஐந்து. அரிசி லாரி என்றுதான் நினைத்தோம். ஒன்றிலும் மூட்டை இல்லை, துப்பாக்கியோடு ஆட்கள் நின்றார்கள். பண்டாரமும் மற்ற ஆண்களும் அப்படியே ரப்பர் மரத்துக்குள் இறங்கி ஓடினார்கள். நான் திரும்பி ஸ்டோருக்கு ஓடினேன். கதவைப் பூட்டியிருந்தார்கள். நான் பின்பக்கத்துத் தகரக் கதவுக்குப் போய் இரண்டு கையாலும் தட்டினேன். உள்ளே உங்கள் குரல் கேட்டது. அவர் சிரிப்பது கேட்டது. இருநூறு பேர் சிரிப்பில் அவர் சிரிப்பை எனக்குத் தனியாகத் தெரியும். நான் தட்டத் தட்ட உள்ளே சிரிப்பு அதிகமாகிக்கொண்டே போனது. ஒரு சிப்பாய் வந்து என்னைத் தள்ளிவிட்டான்.

பெண்களையும் குழந்தைகளையும் வெளியே விட்டுவிட்டு, ஆண்கள் அறுபத்து நாலு பேரை ஏற்றினார்கள். சயாம் பக்கம் ரயில் பாதை போட என்றார்கள். மூன்று மாதத்தில் வந்துவிடுவார்கள் என்றார்கள். அவருக்குச் செருப்புக்கூடக் காலில் இல்லை. உங்களைப் பட மெஷினோடு வேறு லாரியில் ஏற்றியதைப் பார்த்தேன். நீங்கள் தலையைக் குனிந்திருந்தீர்கள்.

முதல் தோட்டமாக எங்களை வைக்கச் சொல்லிக் கேட்டது நீங்கள். நடுவில் எழுந்து போக விடாதே என்று எழுதியது நீங்கள். நான் அந்தக் கடிதத்தை எத்தனை வீட்டில் படித்துக் காட்டினேன் தெரியுமா? பதில் எழுதுங்கள்.

ரூத்


சுங்கைப் பட்டாணி,
17 ஜூலை 1943.

ரூத்,

லாரியைப் பற்றியோ ரயில் பாதையைப் பற்றியோ எனக்கு முன்னால் தெரியாது. பைபிள்மேல் கைவைத்துச் சொல்வேன். பரஞ்சோதி பேசியதைத் தொழிலைப் பற்றிய பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டேன். எவனும் எழுந்து போகாமல் கதை சொல்ல என்னால் முடியும் என்று காட்ட நினைத்தேன். அந்தக் கொழுப்பு எனக்கு இருந்தது.

இதோடு நிறுத்தினால் நீ என்னை மன்னித்துவிடுவாய் என்று தெரியும். ஐந்து நாளாக இதோடு நிறுத்தித்தான் எழுதிப் பார்த்தேன். முடியவில்லை, மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவது ரீல் மாட்டும்போது, பக்கத்துக் கதவுக்கு ஒரு சிப்பாய் வெளியிலிருந்து சங்கிலி போடுவதைச் சாக்கு இடுக்கில் பார்த்தேன். அவனுக்குப் பின்னால் லாரியின் முன்பக்கம் தெரிந்தது. அரிசி கொடுக்கும்போது நெரிசல் ஆகாமல் இருக்கக் கதவை அடைக்கிறார்கள் என்று என்னை நானே நம்பவைக்கப் பார்த்தேன். பரஞ்சோதியின் முகத்தைப் பார்த்ததும் அது பொய் என்று தெரிந்துவிட்டது. அதன் பிறகு பத்து நிமிஷம் படம் ஓடியது. அந்தப் பத்து நிமிஷமும் எனக்குத் தெரியும் ரூத். தகரக் குழல் என் கையில் இருந்தது. ஓடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஜன்னலை உடைத்துக்கொண்டு பாதிப் பேராவது தப்பியிருப்பார்கள். திரைக்கு அந்தப்பக்கம் துப்பாக்கியோடு ஒருவன் நின்றான். நான் பயந்துவிட்டேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அப்போது பின்கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. சத்தம் கேட்டு ஜனம் திரும்பிப் பார்த்தது. எங்கே எழுந்துவிடுவார்களோ, எழுந்தால் அந்தத் துப்பாக்கிக்காரன் சுட்டுவிடுவானோ என்று பதறி, வாயில் வந்ததைச் சொன்னேன். "யாரு கதவத் தட்டுறது? முனியாண்டித் துரை, எமன் வந்துட்டான், பேரேட்டுல கையெழுத்துப் போட வெளிய வாங்க" என்றேன். ஸ்டோரே அதிர்ந்தது. மச்சான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். தட்டியது நீ என்று உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் தெரியும். நீ கதவைத் தட்டியதை வைத்து உன் புருஷனைச் சிரிக்க வைத்தேன்.

அடுத்த காட்சி ஆகஸ்டு முதல் தேதி, குரூண் பக்கத்தில் ஒரு தோட்டம். எனக்கு உடம்பு சரியில்லை என்று பரஞ்சோதியிடம் சொன்னேன். உன் பெயரும் பட்டியலில்தான் இருக்கிறது, படம் ஓடும் வரைக்கும் நீ படத்துக்கு, படம் நின்றால் நீ ரயிலுக்கு என்றார். அவர் மிரட்டவில்லை. அவர் பெயரும் அதே பட்டியலில் இருக்கிறதாம், காட்டினார். கடலோரம் யான் என்கிற ஊர்ப் பக்கம் ஓடிவிடலாம் என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். நான் ஓடினால், குரூணிலோ மேர்போக்கிலோ இன்னொருவனை முக்காலியில் ஏற்றுவார்கள். போகவும் முடியவில்லை, போகாமல் இருக்கவும் முடியவில்லை. கொட்டகையிலேயே படுத்துக் கிடக்கிறேன்.

நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

எர்னஸ்ட்


ஆற்றோரத் தோட்டம்,
21 ஜூலை 1943.

உங்கள் கடிதம் வந்தது. இரண்டு தடவை படித்து அடுப்பில் போட்டேன்.

நீங்கள் அழுவதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை. அந்த இருட்டில் ஒன்பது மாதத்துக்குப் பிறகு அவர் சிரித்ததை நினைத்தால் சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. அறுபத்து நாலு வீட்டுப் பெண்கள் தினமும் என் வாசலைக் கடந்துதான் தண்ணீருக்குப் போகிறார்கள். ஒருத்தியும் ஒன்றும் கேட்பதில்லை. கேட்டால்கூடத் தேவலை. நான் அதே வீட்டில், அதே அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். பேசாமல் இருப்பதற்கும் எதிரில் ஆள் இல்லை.

குரூண் தோட்டத்திலும் ஆண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் வீடு இருக்கிறது. நீங்கள் என்ன செய்வீர்களோ எனக்குத் தெரியாது. அந்தக் கதவைப் பூட்டும்போது உள்ளே ஆள் இருக்கக்கூடாது. அது முடியாது என்றால் இனி எனக்கு எழுத வேண்டாம். எனக்கு ஒரு அண்ணன் இருந்ததை நானும் ஒரு பேரேட்டில் எழுதி மூடிவைத்துவிடுகிறேன்.

ரூத்


சுங்கைப் பட்டாணி ஸ்டேஷன்,
2 ஆகஸ்டு 1943.

ரூத் கண்ணுக்கு,

சரக்குப் பெட்டிக்கு வெளியே அய்யாவு கிழங்கு மூட்டை இறக்கிக்கொண்டிருக்கிறான். அவனிடம் கொடுக்க அவசரமாக எழுதுகிறேன். படத்து நோட்டீசின் பின்பக்கம்தான் கிடைத்தது.

நேற்றுக் காட்சியில் ஒரு ஆண் பிள்ளைகூட மிஞ்சவில்லை. இருநூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள். மூன்றாவது ரீல் மாட்டும் முன் ஸ்டோர் காலி. என் தொழிலில் இவ்வளவு கேவலமாக நான் கதை சொன்னதில்லை.

முன் வரிசையில் பெரிய மீசையோடு கங்காணி ஒருவர், பக்கத்தில் நெற்றி நிறையக் குங்குமத்தோடு அவர் மனைவி. செத்துப் போன துரைக்கு அந்தக் கங்காணியின் பெயரை வைத்தேன். பெயர் அம்மாசி என்று உள்ளே வரும்போதே கேட்டுவைத்திருந்தேன். "அம்மாசி செத்துட்டான், பொண்டாட்டி தாலிய அவுத்துட்டு வா" என்று குழலில் கத்தினேன். முதலில் யாராலும் நம்ப முடியவில்லை. திரும்பவும் சொன்னேன். பிறகு வரிசை வரிசையாக, லயம் லயமாக, தெரிந்த பெயர் எல்லாம் சொல்லிச் சாகடித்தேன். பெண்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள். ஒரு மரச்செருப்பு வந்து நெற்றியில் பட்டது, ரத்தம் நிற்க நேரமானது. அதற்கும் நன்றி சொல்லி எறிந்தவனுடைய தகப்பனையும் சாகடித்தேன். பரஞ்சோதி முதலில் கையைக் காட்டித் தடுக்கப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து அவரும் சும்மா நின்றுவிட்டார்.

லாரி வந்தபோது உள்ளே நானும் அவரும் மெஷின்காரனும்தான் இருந்தோம். மூன்று பேரும் இப்போது இந்தப் பெட்டியில் இருக்கிறோம்.

மச்சான் போன பாதையில்தான் இந்த ரயிலும் போகிறது. இறக்கிவிடும் ஒவ்வொரு இடத்திலும் கேட்பேன். ஆற்றோரத் தோட்டத்துக் கிராணி, முத்துப் போலக் கையெழுத்து என்று சொன்னால் யாருக்காவது தெரியாமல் இருக்காது. பார்த்தால் முதலில் காலில் விழுவேன்.

ஊசி கிடைக்கவே இல்லை. நூலை அய்யாவுவிடம் கொடுத்திருக்கிறேன்.

எர்னஸ்ட்


ஆற்றோரத் தோட்டம், கோலா கெத்தில்,
5 செப்டம்பர் 1943, ஞாயிறு.

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்களுக்கு முகவரி இல்லை. இதை எங்கே அனுப்புவது என்று தெரியாது. ஆனாலும் எழுதுவதாக ஒருத்திக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன்.

இன்று காலை குரூணிலிருந்து ஒரு அம்மாள் வந்தாள். பெயர் பாப்பம்மா. பாஸ் வாங்காமல் ரப்பர் காட்டுக்குள் புகுந்து, ஒன்றரை நாள் நடந்து வந்திருக்கிறாள். எதற்கு என்று நினைக்கிறீர்கள்? படத்துக்குக் கதை சொன்னவனுடைய தங்கை இங்கே இருப்பதாக யாரோ சொன்னார்களாம். அந்தத் தங்கையின் முகத்தைப் பார்த்து நாலு வார்த்தை கேட்காவிட்டால் சோறு இறங்காது என்று கிளம்பிவிட்டாள்.

வாசலில் நின்று தொடங்கினாள். "நீதான் அவன் கூடப் பொறந்தவளா? ஒங்கம்மா அவனுக்கு நாக்க எதுக்கு வெச்சா? எம் புருஷன் மலையாட்டம் பக்கத்துல ஒக்காந்திருக்காரு, செத்துட்டாருன்னு ஊரு முன்னால சொல்றானே. என்னத் தாலிய அவுக்கச் சொல்றானே. மூணு நாள் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. மாரியம்மனுக்கு மஞ்சத்தண்ணி ஊத்தி, அவர ஒக்கார வெச்சுத் திருப்பித் தாலி கட்ட வெச்சேன் தெரியுமா, இந்த வயசுல!" அரை மணி நேரம் நிறுத்தவில்லை. உங்கள் தாத்தா வரைக்கும் போனாள். எனக்கும் அவர்தானே தாத்தா, கேட்டுக்கொண்டேன்.

அன்றைக்கு லாரி வந்ததா என்று கேட்டேன். வந்தது, எல்லோரும் கோபத்தில் சாமி கோயிலடியில் கூடி உங்களை அடிக்கப் போவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது தூரத்தில் பார்த்துவிட்டுக் காட்டுக்குள் ஓடிவிட்டோம் என்றாள். "அது வேற விசயம்லா. அதுக்கு இவன் எதுக்கு இப்படிப் பேசணும்?" என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

அவளுக்குப் பின்னால் சற்றுத் தள்ளி, பலா மரத்தடியில் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். நல்ல உயரம், பெரிய மீசை. ஒன்றரை நாள் நடந்ததில் கால் வீங்கியிருந்தது. இவள் திட்டி முடிக்கட்டும் என்று பொறுமையாகத் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன் அண்ணா. அவர் தும்மினார், துண்டால் மூக்கைத் துடைத்தார், கிழங்குத் தண்ணீர் கொடுத்தேன், சூடு ஆறட்டும் என்று ஊதிக் குடித்தார். ஒரு ஆண் பிள்ளை கிழங்குத் தண்ணீர் குடிப்பதைப் பார்த்து என் கண் நிறையும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

புறப்படும்போது அவள் முன்னால் நடந்தாள். அவர் மட்டும் நின்று, மெதுவாக, "அவ சொல்றத மனசுல வெச்சுக்காதீங்கம்மா. ஒங்க அண்ணன் வாய்தான் திட்டிச்சு. கை அந்தக் கதவையே காட்டிக்கிட்டிருந்துச்சு. அத நான் பாத்தேன்" என்றார். உங்கள் நெற்றியில் பட்டது யார் செருப்பு என்று நான் கேட்கவில்லை. அவர் காலில் ஒரு செருப்பும் இல்லை.

கிளாரன்ஸைப் பற்றி இதுவரை ஒரு தகவலும் இல்லை. உங்களைப் பற்றியும் இல்லை. இங்கே வாசலைக் கடந்து போகிற பெண்கள் இன்னும் ஒன்றும் கேட்பதில்லை. நானும் பாஸ் கேட்கப் போவதில்லை.

மதகு வரைக்கும் போய் அவர்களை வழியனுப்பினேன். வளைவில் திரும்பும் முன் பாப்பம்மா நின்று, "நான் சொன்னது ஒண்ணு விடாம அவனுக்கு எழுதுவியா?" என்று கேட்டாள். எழுதுகிறேன் அக்கா, ஆனால் பாதி மறந்துவிட்டது, கொஞ்சம் உட்கார்ந்து இன்னொரு தடவை சொல்லிவிட்டுப் போங்கள் என்றேன். அவர்கள் இரண்டு பேரும் மதகுச் சுவரில் உட்கார்ந்தார்கள். அவள் முதலிலிருந்து சொன்னாள், அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

உங்கள் தங்கை
ரூத்